இங்கிலாந்தில் பதிவேட்டில் விடுபட்ட பழைய மலைப்பாதையைப் பதிவுசெய்வது எப்படி?

பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரைபடத்தை விரித்துக் கணவாய்களைக் கவனித்துப் பாருங்கள். பள்ளத்தாக்குக் கிராமத்திலிருந்து, பதிவான பொதுப்பாதையைக் காட்டும் பச்சைக் கோடு ஒன்று வளைந்து வளைந்து மேலேறும். கணவாயின் உச்சியில் பட்டென்று நின்றுவிடும். மறுபுறச் சரிவில் ஒன்றும் இருக்காது. நேரில் போனால் இரண்டு பக்கமும் கல்சுவர் வைத்த பழைய பாதை அங்கேயும் ஜம்மென்று இறங்கிக்கொண்டிருக்கும். பொதி சுமந்த குதிரைகள் உச்சிவரை ஏறிவிட்டுத் திரும்பிப் போயிருக்காது அல்லவா?

காரணம் எளிது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பொதுப்பாதைகளைப் பட்டியலிடும் வேலையில் முதல் கணக்கெடுப்பைப் பெரும்பாலும் அந்தந்தப் பாரிஷ்காரர்களே (பாரிஷ் என்பது ஊர் அளவிலான சிறு நிர்வாகப் பகுதி) செய்தார்கள். மலைமுகடுதான் பல இடங்களில் இரண்டு பாரிஷ்களுக்கு எல்லை. இந்தப் பக்கத்துக்காரர் எழுதிக்கொடுத்தார், அந்தப் பக்கத்துக்காரர் விட்டுவிட்டார். பதிவேட்டில் இல்லை என்பதால் மட்டும் பொது உரிமை, அதாவது அந்த வழியே யாரும் போய்வரும் உரிமை, இல்லாமல் போவதில்லை. ஆனால் நாளைக்கு யாராவது கேட்டைப் பூட்டினால், பதிவில்லாத பாதைக்காக வாதாடுவது பெரும்பாடு. அதனால் பூட்டு விழுவதற்கு முன்பே பதிவுசெய்வது நல்லது.

அப்படி ஒரு பாதைக்காக அலைந்தபோது எனக்கு ஒரே இடத்தில் கிடைக்காத விவரங்களை இங்கே வரிசையாகத் தருகிறேன். இது இங்கிலாந்துக்கும், சில மாற்றங்களோடு வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் 2003 நிலச்சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடப்பவர்களுக்குப் பெரும்பாலான நிலங்களில் நடக்கும் உரிமையைத் தருவதால் கதையே வேறு. அயர்லாந்து குடியரசில் இப்படியொரு பதிவேடே கிடையாது.

1. பாதை உண்மையிலேயே விடுபட்டிருக்கிறதா?

எக்ஸ்புளோரரில் விட்டுவிட்டு வரைந்த பச்சைக் கோடு என்றால் பதிவான பொதுப்பாதை. விட்டுவிட்டு வரைந்த கறுப்புக் கோடு என்றால் தரையில் ஒரு தடம் தெரிகிறது, அவ்வளவுதான். புதிதாக வருபவர்கள் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆனால் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம் சட்டப் பதிவேடு அல்ல. சட்டப் பதிவேட்டுக்கு டெஃபினிட்டிவ் மேப் என்று பெயர். அது கவுண்டி கவுன்சிலிடமோ யூனிட்டரி கவுன்சிலிடமோ இருக்கும். இணையத்தில் கவுன்சில் போட்டிருக்கும் வரைபடம் ஒரு நகல்தான். மூலத்தைப் பார்க்க வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். வரைபடத்தோடு 'ஸ்டேட்மென்ட்' என்ற எழுத்து விவரமும் இருக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள். வரைபடத்தில் விடுபட்டது அதில் இருந்துவிட்டால் உங்கள் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

அப்புறம் இன்னும் இரண்டு பட்டியல்களைப் பாருங்கள். ஒன்று, கவுன்சில் தன் செலவில் பராமரிக்க வேண்டிய சாலைகளின் பட்டியல். இன்னொன்று, ஏற்கெனவே வந்திருக்கும் விண்ணப்பங்களின் பதிவேடு. நீங்கள் நினைக்கும் பாதைக்கு யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்பே விண்ணப்பித்து வரிசையில் காத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் புதிதாக ஆரம்பிக்காமல், உங்களிடம் உள்ள ஆதாரங்களை அந்தக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

2. எந்த வழியில் போகப்போகிறீர்கள்?

வழிகள் இரண்டு. பழைய ஆவணங்களைக் கொண்டு உரிமை முன்பே இருந்தது என்று காட்டுவது ஒன்று. 1980 நெடுஞ்சாலைச் சட்டம் 31ஆம் பிரிவின்படி, பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையில்லாமல் நடந்திருக்கிறார்கள் என்று காட்டுவது மற்றொன்று. இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம், வைப்பதே நல்லது.

மலையில் இரண்டாவது வழிக்கு ஒரு பொறி உண்டு. 2000ஆம் ஆண்டின் கிராமப்புற உரிமைச் சட்டம் மலை, மூர் (புதர் மண்டிய திறந்தவெளி) நிலங்களை, பாதையை விட்டு விலகியும் யாரும் நடக்கக்கூடிய 'அக்சஸ் லேண்ட்' ஆக்கியது. அந்த உரிமை 2004, 2005இல் பகுதி பகுதியாக நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அந்த நிலத்தில் அந்த உரிமையின் பேரில் நடந்ததைப் பாதைக்கான 20 ஆண்டுக் கணக்கில் சேர்க்க முடியாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே உச்சிப்பகுதிக்கு அதற்கு முந்தைய ஆண்டுகளின் நடைதான் உதவும். குதிரையிலோ சைக்கிளிலோ போனதற்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அக்சஸ் லேண்ட் உரிமை பொதுவாக நடப்பவர்களுக்கு மட்டும்தான். கீழே உள்ள வேலியிட்ட வயல்கள் பெரும்பாலும் அக்சஸ் லேண்டுக்குள் வராது. தகராறு வருவதும் அங்கேதான்.

இன்னொன்றையும் இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பாதை தேவையா, அழகா, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பா, பண்ணைவீட்டுக்காரரின் தனிமை கெடுமா என்பதெல்லாம் இங்கே செல்லாது. உரிமை இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றே கேள்வி. நம் தரப்புக்கு மட்டுமல்ல, எதிர்த்தரப்புக்கும் இதே விதிதான். ஊரே சேர்ந்து 'எங்களுக்கு இந்தப் பாதை மிகவும் வேண்டும்' என்று கையெழுத்துப் போட்ட மனுவுக்கு ஆதாரமாக ஒரு மதிப்பும் கிடையாது.

3. பழைய தாள்களைத் தேடுவது

வீட்டிலிருந்தே தொடங்குங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே தாள்களை இலவசமாகப் பார்க்கலாம், இங்கிலாந்து, வேல்ஸ் தாள்கள் உட்பட. பழைய தாளையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி உண்டு. உங்கள் பாதை எந்தெந்த ஆண்டுத் தாள்களில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் இவற்றை மட்டும் நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். இந்தத் தாள்கள் பாதை தரையில் இருந்தது என்பதைத்தான் காட்டும். பொது உரிமைக்கு இது சான்று அல்ல என்ற குறிப்பையே 1880களின் கடைசியிலிருந்து அச்சிட்டு வந்தார்கள்.

அடுத்து கவுண்டி ஆவணக் காப்பகம். அங்கே முதலில் கேட்க வேண்டியது இன்க்ளோஷர் அவார்டு, அதாவது பொதுமேய்ச்சல் நிலங்களைப் பங்கிட்டு வேலியிட்டபோது எழுதிய பத்திரம். 'இன்ன இடத்திலிருந்து இன்ன இடம்வரை, இத்தனை அடி அகலத்தில் பொது நடைபாதை' என்ற வகையில் அதில் வாசகம் இருந்தால் அதைவிடப் பலமான தாள் வேறில்லை. தனிப்பாதை, பொதுப்பாதை என்று பிரித்தே எழுதியிருப்பார்கள். ஆகவே படத்தை மட்டும் பார்க்காமல் வாசகத்தை முழுதாகப் படியுங்கள்.

இரண்டாவது டைத் மேப், 1836 சட்டத்தின் கீழ் தேவாலய வரிக்காக வரைந்தது. சுருட்டி வைத்த பெரிய தாளை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் எடைப்பைகளை வைத்துக் கொடுப்பார்கள். சாலைகளில் பெரும்பாலும் வெளிர்ப் பழுப்பு நிறம் தீட்டியிருக்கும். படத்தோடு வரும் பட்டியலில் அந்தச் சாலையின் எண்ணைத் தேடி, உரிமையாளர் பெயர் இருக்கிறதா, 'பொதுச் சாலைகள்' என்ற தலைப்பின் கீழ் வருகிறதா என்று பாருங்கள். இந்தக் கணக்கு வரிக்காகப் போட்டது, பாதைக்காக அல்ல. அதனால் துணைச்சான்றாக மட்டும் வையுங்கள். மலையின் மேற்பகுதி இதில் வெறுமையாக இருந்தால் பதற வேண்டாம்.

மூன்றாவது ரயில் திட்டப் படங்கள். ரயில் பாதையை அவர்கள் போடவே இல்லை என்றாலும் பரவாயில்லை. நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த படத்தோடு உள்ள விவரப்புத்தகத்தில், குறுக்கே வரும் ஒவ்வொரு பாதையும் யாருடையது என்று எழுதியிருப்பார்கள்.

இவை முடிந்ததும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். அங்கே தேட வேண்டியது 1910 நிதிச் சட்டத்துக்காக நாடு முழுவதும் நிலத்தை மதிப்பிட்ட பதிவுகள். படங்கள் ஐஆர் 124 முதல் ஐஆர் 135 வரையிலான தொகுப்புகளில் இருக்கின்றன, களப்புத்தகங்கள் ஐஆர் 58இல். படத்தில் ஒவ்வொரு சொத்துக்கும் எல்லையில் வண்ணம் தீட்டி எண் போட்டிருப்பார்கள். உங்கள் பாதை இரண்டு வண்ணங்களுக்கும் நடுவே வெள்ளையாக, எந்தச் சொத்திலும் சேராமல் ஓடினால் அது பெரும்பாலும் பொதுச் சாலைக்கான நல்ல அறிகுறி. பாதை வயலின் நடுவே போனால் சொத்து எண்ணைக் குறித்துக்கொண்டு களப்புத்தகத்தைக் கேளுங்கள். அதில் பொதுப்பாதை உரிமைக்காக மதிப்பில் எவ்வளவு கழித்தார்கள் என்று எழுத ஓர் இடம் உண்டு. பென்சிலில் கிறுக்கிய 'ஃபுட்பாத்' என்ற ஒரு சொல்லும் பக்கத்தில் சில பவுண்டும் இருந்தால் போதும். தன் நிலத்தில் பொதுப்பாதை இருக்கிறது என்று அன்றைய உரிமையாளர் தரப்பே ஒப்புக்கொண்ட மாதிரி அது.

இதில் ஒரு கண்ணி. மலைப்பண்ணைகள் பரப்பில் பெரியவை. ஒரே எண்ணின் கீழ் மூன்று பாதைகள் இருக்கலாம். அந்தக் கழிவு உங்கள் பாதைக்குத்தான் என்பதற்குச் சர்வே எண்ணோ வயலின் பெயரோ புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இல்லை என்றே விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொல்லி வெளிவருவதைவிட அது மேல்.

கியூவில் மூல ஆவணங்களைப் பார்க்க ரீடர்ஸ் டிக்கெட் என்ற வாசகர் அட்டை வேண்டும். கட்டணம் இல்லை. பெயருக்கு ஓர் ஆவணம், முகவரிக்கு ஓர் ஆவணம் கொண்டுபோங்கள். நம்மில் பலர் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள், அதில் இங்கிலாந்து முகவரி இருக்காது. வங்கி அறிக்கை போன்ற ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், எவை எவை செல்லும் என்ற பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. உள்ளே பேனா கூடாது, பென்சில் மட்டும். உங்கள் போனில் இலவசமாகப் படம் எடுக்கலாம். ஒவ்வொரு படத்திலும் ஆவண எண் எழுதிய சீட்டும் தெரியும்படி எடுங்கள். எண் இல்லாத படம் பிறகு எதற்கும் உதவாது. கவுண்டி காப்பகங்களில் படம் எடுக்க நாள் கட்டணம் கேட்பார்கள், இடத்துக்கு இடம் மாறும். முன்பதிவும் பல இடங்களில் கட்டாயம்.

4. நடந்தவர்களின் சாட்சியம்

சாட்சி தேடக் கிளம்பும் முன் கவுன்சிலிடம் ஒன்று கேளுங்கள்: இந்த நிலத்துக்கு 31(6) பிரிவின் கீழ் உரிமையாளர் ஏதாவது டெபாசிட் செய்திருக்கிறாரா? 'இவற்றைத் தவிர என் நிலத்தில் வேறு பொதுப்பாதை இல்லை' என்று அவர் முறைப்படி பதிந்திருந்தால், பொதுவாக அந்த நாளிலிருந்து உங்கள் 20 ஆண்டுக் கடிகாரம் நின்றுவிடும். அதற்கு முந்தைய 20 ஆண்டுகளைத்தான் காட்ட வேண்டியிருக்கும். கேட் பூட்டிய நாள், 'பொதுவழி அல்ல' என்று பலகை வைத்த நாள் ஆகியவையும் இதேபோல்தான். கணக்கு இன்றிலிருந்து அல்ல, உரிமை முதலில் கேள்விக்குள்ளான நாளிலிருந்து பின்னோக்கிப் போகும். எந்தத் தகராறுமே இல்லாவிட்டால் நீங்கள் விண்ணப்பிக்கும் நாளே கணக்கின் தொடக்கம்.

கவுன்சிலிடம் சாட்சிப் படிவம் இருக்கும். எத்தனை பேர் என்று சட்டத்தில் எண்ணிக்கை இல்லை. பத்துப் பேருக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. ஒருவரே 20 ஆண்டும் நடந்திருக்க வேண்டியதில்லை, பலருடைய ஆண்டுகள் சேர்ந்து அந்தக் காலத்தை நிரப்பினால் சரி. ஒவ்வொருவரும் தனித்தனிப் படத்தில் தாங்களே கோடு போடட்டும். நீங்கள் கோடு போட்டு நகலெடுத்துக் கொடுத்தால் அத்தனை சாட்சியமும் ஒரே கையெழுத்தாகத் தெரியும்.

வயதானவர்களிடம் 'எந்த ஆண்டு?' என்று கேட்டால் தடுமாறுவார்கள். வேறு மாதிரி கேளுங்கள். ஒரு மூதாட்டி ஆண்டு எதையும் சொல்ல முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். 'அப்போது எந்த நாய் இருந்தது?' என்றதும் மூன்று நாய்களின் பெயர், வந்த காலம், செத்த காலம் எல்லாவற்றையும் மடமடவென்று சொல்லிவிட்டார். எந்த நாயோடு கணவாய்வரை போனார், எந்த நாய் வயதாகிக் கீழ்க்கேட்டோடு நின்றது என்பதும் அதிலேயே வந்துவிட்டது.

நடை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதற்கு மூன்று நிபந்தனைகள்: பூட்டை உடைத்தோ வேலியை வெட்டியோ போயிருக்கக் கூடாது, ஒளிந்து மறைந்து போயிருக்கக் கூடாது, அனுமதியின் பேரில் போயிருக்கக் கூடாது. மூன்றாவதுதான் பலரைக் கவிழ்க்கும். 'பண்ணைக்காரர் தங்கமான மனிதர், தாராளமாகப் போங்கள் என்று சொல்லியிருந்தார்' என்று நன்றியோடு எழுதுவார்கள். அது அனுமதி, அந்தச் சாட்சியம் செல்லாது. அவர் பார்த்தும் பேசாமல் இருந்தார் என்றால் அது அனுமதி ஆகாது. இதற்காக யாருக்கும் சொல்லிக்கொடுத்து எழுதவைக்காதீர்கள், விசாரணையில் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். நிலக்காரரின் குத்தகையாளர், வேலையாள் ஆகியோரின் நடையும் பொதுமக்கள் நடையாகச் சேராது.

2001இல் கால்நடைகளுக்குக் கோமாரி பரவியபோது பாதைகளை மூடியதை இடைவெளியாகக் கணக்கிடுவதில்லை. சாட்சி அதைக் குறிப்பிட்டால் அப்படியே இருக்கட்டும். படிவங்கள் பொதுக்கோப்பில் போகும், நிலக்காரரும் பார்ப்பார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சின்ன ஊர்களில் இது பெரிய விஷயம்.

5. நிலம் யாருடையது?

பாதை கடக்கும் ஒவ்வொரு நிலத்தின் உரிமையாளருக்கும், அதில் இருப்பவருக்கும் அறிவிப்பு அனுப்புவது கட்டாயம். லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரசு நிலப்பதிவு அலுவலகத்தில் பத்திர விவரம் எடுக்க ஒவ்வொன்றுக்கும் 7 பவுண்டு, படத்துக்குத் தனியாக 7 பவுண்டு. முதலில் கிராமத்தில் விசாரித்துவிட்டு எது தேவையோ அதை மட்டும் எடுங்கள். மலைநிலங்கள் சில ரெஜிஸ்ட்ரியிலேயே இருக்காது. நியாயமாக விசாரித்தும் உரிமையாளர் தெரியவில்லை என்றால் கவுன்சிலிடம் கேட்டு, நிலத்திலேயே அறிவிப்பை ஒட்ட அனுமதி வாங்கலாம். கேட்காமல் ஒட்டிவிடாதீர்கள்.

தபாலில் அறிவிப்பு போவதற்கு முன் நேரில் ஒருமுறை போய்ப் பேசுங்கள் என்பது என் யோசனை. சட்டம் கேட்கவில்லை, மரியாதை கேட்கிறது. அபூர்வமாக உரிமையாளரே 'சரி, பொதுப்பாதையாகவே எழுதிக்கொடுக்கிறேன்' என்று சொல்வதுண்டு. 1980 சட்டம் 25ஆம் பிரிவில் அதற்கான ஒப்பந்தம் இருக்கிறது, பல ஆண்டுக் காத்திருப்பு மிச்சம். ஆனால் அவர் 'பெர்மிசிவ் பாத்' என்று சொன்னால் அதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். அது அவர் விருப்பத்தில் விடும் வழி, திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

6. விண்ணப்பத்தைக் கட்டுவது

விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் தேவையில்லை. கவுன்சிலுக்குப் போக வேண்டியவை: விண்ணப்பப் படிவம், 1:25,000க்குக் குறையாத அளவில் பாதை குறித்த படம், நீங்கள் சொல்லும் ஒவ்வோர் ஆதாரத்தின் நகல், உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பியதற்கான சான்றிதழ்.

மூன்றாவதைத் திரும்பப் படியுங்கள். 'கியூவில் உள்ள இன்ன புத்தகத்தைப் பார்க்கவும்' என்று எண்ணை மட்டும் எழுதி அனுப்பினால் விண்ணப்பம் முறையானது அல்ல. வின்செஸ்டர் கல்லூரி வழக்கில் 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகல்கள் கூடவே வர வேண்டும் என்று கறாராகச் சொன்னது.

ஆதாரங்களைக் காலவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி எழுதுங்கள்: என்ன ஆவணம், எதற்காகத் தயாரித்தது, பாதையைப் பற்றி என்ன காட்டுகிறது, எதைக் காட்டவில்லை. தனித்தனியாகப் பலவீனமான தாள்கள்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத காரணங்களுக்காக வரைந்த நான்கைந்து தாள்கள் ஒரே வழியைக் காட்டுகின்றன என்பதில்தான் பலம் இருக்கிறது. நடைபாதையா, குதிரைப்பாதையா, வண்டிப்பாதையா என்பதையும் ஆதாரம் சொல்வதைப் பார்த்துக் குறிப்பிடுங்கள். பொதிக்குதிரை போன கணவாயை வெறும் நடைபாதையாகக் கேட்டால் பாதி உரிமையை நாமே விட்டுக்கொடுத்த மாதிரி.

எப்போது போடுவது? ஆவண வழிக்கு ஒரு கெடு உண்டு. 1949க்கு முந்தைய, பதிவாகாத பாதை உரிமைகள் இங்கிலாந்தில் 2031 ஜனவரி 1இல் அற்றுப்போகும் என்று விதி வைத்தார்கள். 2024 டிசம்பரில் அரசு இந்தக் கெடுவை நீக்கப்போவதாக அறிவித்தது. அறிவிப்பு வேறு, சட்டம் வேறு. நீங்கள் விண்ணப்பிக்கும்போது நிலவரம் என்ன என்று அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கெடு போனாலும் சாட்சிகளின் வயது காத்திருக்காது.

7. அனுப்பிய பிறகு

ஒப்புகைக் கடிதம் வரும். பிறகு நீண்ட மௌனம். பல கவுன்சில்களில் விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. 12 மாதத்தில் முடிவு வராவிட்டால், கவுன்சிலுக்குக் கெடு விதிக்கும்படி, இத்தகைய மேல்முறையீடுகளைப் பார்க்கும் அரசு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டிடம் கேட்கலாம். வேல்ஸில் வெல்ஷ் அமைச்சர்கள் தரப்பில். இந்தத் தேதியை விண்ணப்பம் கொடுத்த அன்றே நாள்காட்டியில் குறித்துவையுங்கள். கவுன்சில்காரர்கள் நினைவூட்ட மாட்டார்கள்.

மறுத்தால் மேல்முறையீட்டுக்கு 28 நாள்தான். கடிதம் வரும்போது ஊருக்குப் போயிருந்தால் அவ்வளவுதான், அதனால் மின்னஞ்சலில் அனுப்பும்படி முன்பே எழுதிக் கேளுங்கள். ஏற்றுக்கொண்டால் கவுன்சில் உத்தரவு போட்டு விளம்பரம் செய்யும், ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 42 நாள் இருக்கும். ஆட்சேபம் வந்து, அதைத் திரும்பப் பெறாவிட்டால், எழுத்துமூலமாகவோ நேர் விசாரணையாகவோ அந்த அமைப்பின் இன்ஸ்பெக்டர் ஒருவர் முடிவு செய்வார். இங்கே அளவுகோல் கொஞ்சம் உயர்கிறது. உத்தரவு போட, உரிமை இருப்பதாக நியாயமாகச் சொல்ல முடிந்தாலே போதும். அதை உறுதிசெய்ய, இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று காட்டியாக வேண்டும். ஆகவே முதல் வெற்றியோடு கோப்பை மூடி வைத்துவிடாதீர்கள், சாட்சிகளோடு தொடர்பில் இருங்கள். அவரவர் செலவு அவரவருடையது, ஆனால் விசாரணையில் வீண்பிடிவாதம் பிடித்து மற்றவர் நேரத்தை வீணாக்கினால் செலவுத்தொகை நம் தலையில் விழ வாய்ப்புண்டு.

உத்தரவு உறுதியானதும் உயர்நீதிமன்றத்தில் எதிர்க்க 42 நாள் உண்டு. அது கழிந்ததும் கவுன்சிலுக்கு ஒரு கடிதம் போடுங்கள். 1968 கிராமப்புறச் சட்டம் 27ஆம் பிரிவின்படி, தார்ச்சாலையிலிருந்து பொதுப்பாதை பிரியும் இடத்தில் கைகாட்டிப் பலகை வைப்பது அவர்கள் கடமை. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டே கேளுங்கள். கணவாய்க்கு இரண்டு பக்கமும் இரண்டு கவுன்சில்கள் என்றால் இரண்டு கடிதம்.